தம்பிக்காக 21 கிலோமீட்டர்: ஓட்டத்துக்கும் துக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் ஒருவர், 14 ஜூலை 2024

இறந்த தம்பியின் நினைவாக ஓடப்போகிறேன், தற்கொலைத் தடுப்புக்கு நிதி தாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். நீங்கள் 21 கிலோமீட்டர் ஓடுவதற்கும் எங்கோ ஒருவர் சாகாமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? உதவ வேண்டுமென்றால் காசோலை எழுதி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கலாமே. சாவின் பெயரில் சட்டை அச்சடித்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

14 ஜூலை 2024, இரவு

கோபம் வந்தது. இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன். பிறகுதான், இது நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி இல்லையே என்று தோன்றியது.

சம்பந்தம் இல்லை. என் காலுக்கும் இன்னொருவர் உயிருக்கும் நேர்க்கோடு எதுவும் கிடையாது. ஆனால் நீங்கள் சொல்லும் காசோலை வழியை நான் நடந்து பார்த்துவிட்டேன். தம்பி 2018 ஆகஸ்டில் போனான். 2019 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை சினேகா அமைப்புக்கு முடிந்ததை அனுப்பினேன். அம்மாவுக்குத் தெரியாது. அலுவலகத்தில் தெரியாது. "இது எதற்கான நன்கொடை?" என்று கேட்ட ஆடிட்டரிடம் "ஏதோ மருத்துவ உதவி" என்றேன். ஐந்து ரசீது, ஐந்து பொய்.

எங்கள் வீட்டுக் கணக்கில் தம்பி இறந்தது மாரடைப்பால். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவனுக்கு 31 வயது.

சட்டை இன்னும் அச்சடிக்கவில்லை. ஆனால் அடிக்கப்போகிறேன்.

15 ஜூலை 2024

நேற்று விட்டுப்போனது. எனக்கு 42 வயது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த பஸ் வராமலா போகும் என்கிற கட்சி. இப்போதைய பயிற்சி ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. ஏரிக்கரையில் என்னைத் தினமும் தாண்டிப் போகும் பெரியவர் ஒருவர் "மெதுவாக அம்மா, மெதுவாக" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதைவிட மெதுவாக என்றால் நிற்கத்தான் வேண்டும்.

சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அவன் எந்த அறிகுறியும் காட்டவில்லை. கலகலப்பானவன். மாலையானால் வாலிபால்.

22 ஜூலை 2024

"பணம் எங்கே போகிறது?" என்று கேட்டவருக்கு.

சினேகா 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கியது. அங்கே அழைப்பை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்வது அவர்கள் வேலை அல்ல, கேட்பதுதான் வேலை. சம்பளமே இல்லையென்றால் பணம் எதற்கு என்பீர்கள். கட்டடம், தொலைபேசி, பயிற்சி எதுவும் இலவசமாக வருவதில்லை. பிளஸ் டூவில் தோற்ற பிள்ளை ஒரு வருடம் வீட்டில் உட்காராமல், கொஞ்ச நாளிலேயே துணைத் தேர்வு எழுத முடிகிறதே, அதற்காக அரசிடம் வாதாடியவர்களில் இவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்த மாதிரி வேலை. மனதை மாற்று என்று யாரிடமும் சொல்லாமல் தேதியை மாற்றியிருக்கிறார்கள்.

எண்களையும் எழுதிவிடுகிறேன், இந்த இணைய இழை எங்கே போய் முடியும் என்று தெரியாது. சினேகா 044-24640050. தமிழக அரசின் 104. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

செய்தித்தாள்களில் இதே எண்களுக்கு முன்னால் "தற்கொலை எதற்கும் தீர்வல்ல" என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் யாரோ காதைத் திருகுவது போல இருக்கிறது. எண்ணை மட்டும் போட்டால் போதாதா? (இது என் எரிச்சல். எண் போடுவதே பெரிய காரியம் என்று தெரியும்.)

4 ஆகஸ்ட் 2024

ஆடி அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தோம். அப்பாவுக்கு வைத்த இலைக்குப் பக்கத்தில் தம்பிக்கு அம்மா ஒரு முட்டை வைத்தார். அமாவாசையில் முட்டையா என்று நான் கேட்கவில்லை. காக்கை முதலில் முட்டையைத்தான் எடுத்தது.

மதியம் பழைய கோப்பைத் திறந்தேன். காவல் நிலையத்தில் தந்த தாளில் "கு.வி.மு.ச. 174" என்று இருக்கிறது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இயற்கைக்கு மாறான மரணங்களை விசாரிக்க அப்போதிருந்த பிரிவு. அப்படிப் பதிவான மரணங்களைத்தான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் கூட்டி வெளியிடுகிறது. 2018-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 13,986 பேர். அதில் ஒருவன் அவன். நாங்கள் ஊரெல்லாம் மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அரசாங்கத்தின் அட்டவணையில் மட்டும் அவன் உள்ளபடி இருந்திருக்கிறான்.

6 ஆகஸ்ட் 2024

திருத்தம். 13,896. இலக்கம் மாறிவிட்டது. சுட்டிக்காட்டிய நாகர்கோவில் நண்பருக்கு நன்றி. 90 பேரைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறேன். கணக்குப் பிரிவில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன் என்பதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அவரே இன்னொன்றும் அனுப்பினார்: 2022-இல் தமிழ்நாட்டுக் கணக்கு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம். அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,70,924.

19 ஆகஸ்ட் 2024

நிதி பற்றி. ஜூலை முதல் என் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பச் சொல்லியிருந்தேன். இதுவரை 61 பேர். பாதிப்பேர் மொய் எழுதுவது போலவே எழுதுகிறார்கள்: 101, 501, 1,001. வந்த பெயர்களை நானும் நீள நோட்டில் மொய்க் கணக்கு மாதிரியே வரிசையாக எழுதிவந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். "ஒற்றை ரூபாய் நல்ல காரியத்துக்கு வைப்பது. இதற்கு யாரடி ஒன்று சேர்த்து அனுப்புகிறார்கள்?" என்று கேட்டார். தாய்மாமா மட்டும் முறை தெரிந்தவர்: மொழுக்கென்று 2,100. கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் வீதமாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஏழு பேர் ஒரே ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். முதலாவதைப் பார்த்ததும் கை தவறி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். பணம் அனுப்பும் செயலியில் குறிப்பு எழுத ஒரு சிறு கட்டம் இருக்கிறதல்லவா, அதைத் திறந்தால்: "அண்ணன். 2011." அவ்வளவுதான். அடுத்தது: "என் அக்கா. நாங்களும் நெஞ்சுவலி என்றுதான் சொன்னோம்." மூன்றாவது ஒரு பெயர் மட்டும், அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்தக் கட்டத்தில் எழுதுவதற்காகவே ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ரூபாய்க்குத் தபால்தலை ஒட்டியது போல.

20 ஆகஸ்ட் 2024

மொய் பற்றிப் பதினான்கு பேர் எழுதிவிட்டீர்கள். ஊருக்கு ஊர் முறை வேறு, என் அம்மா சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம் மட்டும். ஒப்புக்கொள்கிறேன். நிறுத்துவோம்.

2 செப்டம்பர் 2024

எதிர்பார்த்ததுதான். உறவில் ஒருவர், முறை சொல்லமாட்டேன், "செத்தவன் பெயரில் வசூல் பண்ணி வீட்டுக் கடன் அடைக்கிறாள்" என்று ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே விரிக்க வேண்டும் போல இருந்தது. அம்மா தடுத்தார்.

இரண்டு நாள் கழித்து யோசித்தபோது, அவர் சொன்ன விதம் கேவலம், சந்தேகம் நியாயம். என் கணக்குக்கு வந்து நான் மொத்தமாகச் செலுத்தினால் ரசீது என் பெயரில்தான் வரும். 80ஜி கழிவும் எனக்குத்தான். உங்கள் பணத்துக்கு என் பெயரில் வரிச்சலுகை! இது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம். அதனால் இன்று முதல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேரடியாக அமைப்புக்கே செலுத்தி உங்கள் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. அவர்கள் புண்ணியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை வந்ததை நேற்றுச் செலுத்திவிட்டேன். அந்த ஏழு ரூபாயையும் சேர்த்து.

ஒரே வருத்தம். இனி அந்தக் கட்டத்தில் எழுதுவதை நான் படிக்க முடியாது.

10 செப்டம்பர் 2024

2003-இலிருந்து உலகத் தற்கொலைத் தடுப்பு நாளாக இருக்கும் தேதி இது. நான் போய்ச் சட்டை அடித்த நாள்.

தாம்பரத்தில் ஒரு சின்னக் கடை. அரசியல் கட்சிப் பனியன், கபடிக் குழுச் சீருடை, எல்லாம் தொங்குகிறது. ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: மேலே "என் தம்பிக்காக", கீழே "தற்கொலைத் தடுப்புக்கு ஓடுகிறேன்". கணினி முன்னால் இருந்த பையன் படித்துவிட்டு, உள்ளே இருந்த முதலாளியைப் பார்த்து உரக்கக் கேட்டான்: "அண்ணா, தற்கொலைக்கு த் வருமா?"

உள்ளேயிருந்து: "எதற்கு?"

"தற்கொலை! தற்கொலைக்கு!"

கடையில் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் பள்ளி ஆண்டு விழாவுக்கான துணி. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் அது. டிவியில் வந்தால் அம்மா சேனலை மாற்றிவிடுவார். அதை இவன் காய்கறி விலை போலக் கூவுகிறான். எனக்கு முதலில் மயக்கம் வருவது போல இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

முதலாளி வெளியே வந்து காகிதத்தைப் பார்த்தார். "த் போடு" என்றார். என்னைப் பார்த்து, "உட்காருங்கள் அம்மா" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

12 செப்டம்பர் 2024

ஒற்று மிகும், மிகாது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து இருபது பதிவுகள். தற்கொலையைத் தடுப்பது என்று விரிவதால் இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது என்கிறார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். உருபோடு பயனும் தொக்கது, மிகும் என்கிறார் சிவகங்கைக்காரர். தம்பி இருந்திருந்தால் ரசித்திருப்பான். அவனுக்கும் எனக்கும் இடையில் சண்டை என்றாலே ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத்தான். சட்டையில் த் ஏறிவிட்டது. இனி உரித்தெடுக்க முடியாது.

முதல் கேள்வி கேட்டவர் 500 ரூபாய் செலுத்தியதாக ரசீதின் படம் அனுப்பியிருக்கிறார். "சட்டை இன்னும் உறுத்துகிறது" என்றும் எழுதியிருக்கிறார். நல்லது. உறுத்தட்டும்.

29 செப்டம்பர் 2024

இரண்டு திருத்தங்கள்.

ஒன்று. சென்ற வாரம் இன்னோர் இழையில் "தினமும் ஓடுகிறவர்களை மனச்சோர்வு அண்டாது" என்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன். அபத்தம். உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்க உதவும் என்பது உண்மை. கவசம் அல்ல, மருத்துவத்துக்கு மாற்றும் அல்ல. எங்கள் வீட்டில் உடம்பைப் பேணியவன் அவன்தான். நான்தான் படியேற மூச்சு வாங்கியவள். வாலிபால் காப்பாற்றும் என்றால் அவன் இன்று எனக்குப் பயிற்சியாளனாக இருந்திருப்பான்.

இரண்டு. சட்டையைத் துவைத்த அம்மா அதைக் கொடியில் உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட்டார் என்றும், எழுத்தை அக்கம்பக்கத்தார் படித்துவிடக் கூடாது என்ற வெட்கம் என்றும் இங்கே யாருக்கோ பதிலாக எழுதியிருந்தேன். நேற்றுக் கவனித்தேன். அச்சுப் போட்ட எந்தத் துணியையும் அம்மா அப்படித்தான் போடுகிறார், சாயம் வெளுக்காமல் இருக்க. தம்பியின் வாலிபால் பனியனையும் அப்படித்தான் போடுவார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது.

20 அக்டோபர் 2024

மழையால் நான்கு நாள் ஓட்டம் இல்லை. உட்கார்ந்திருந்தால் யோசனை வருகிறது.

மேலே 15 ஜூலைக் குறிப்பில் "எந்த அறிகுறியும் காட்டவில்லை" என்று இருக்கிறது. அது பொய். அழிக்கப்போவதில்லை, இருக்கட்டும், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

2018 ஜூனில் அவன் ஒருமுறை முயன்றான். எப்படி என்று எழுதமாட்டேன், கேட்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தோம். தற்கொலைக்கு முயல்வதையே குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் உள்ளே வைத்துவிடுவார்கள், வேலை போய்விடும், பெண் கிடைக்காது. இதையெல்லாம் ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு பேசினோம். ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்து வயிற்றுக் கோளாறு என்றோம். அங்கேயும் யாரும் துருவிக் கேட்கவில்லை. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

மறுநாள் நான் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சுளையாகத் தின்று, விதைகளை எவர்சில்வர் தட்டின் விளிம்பில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வரிசை வைத்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, மன்னித்துக்கொள்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரிடமும் சொல்லாதே."

இரண்டு வாரத்தில் வாலிபாலுக்குப் போனான். சரியாகிவிட்டது என்று நிம்மதியானோம். ஆகஸ்டில் போய்விட்டான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 115-ஆவது பிரிவின்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. நாங்கள் ஆட்டோவில் போனபோது சட்டம் மாறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்களுக்குத் தெரியாது. எனக்கு அது தெரியவந்தது 2021-இல்.

இன்றைக்கும் இதே பயத்தில் யாராவது இருந்தால்: அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 அப்படியே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்க, மிரட்டலாக முயல்வதை மட்டும் 226-ஆவது பிரிவு சொல்கிறது. கேஸுக்குப் பயந்து யாரையும் வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஒருமுறை முயன்றவர்தான் எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் அவனைத்தான் எல்லோரையும்விட அதிகமாக நம்பினோம்.

21 அக்டோபர் 2024

நிறைய பேர் "உங்கள் தவறு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. இப்போதைக்கு அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

17 நவம்பர் 2024

நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகள் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளை என்று 1987 முதல் இருக்கிறது. அவர்கள் ஊர் ஊராக நிதி திரட்டும் நடைப்பயணம் நடத்துகிறார்கள். "இருளிலிருந்து வெளியே" என்று பொருள் வரும் பெயர். அதில் கலந்துகொள்பவர்கள் கழுத்தில் மணிமாலை போட்டுக்கொள்வார்களாம். யாரை இழந்தார்கள் என்பதற்கு ஒவ்வொரு நிறம். கணவன் அல்லது மனைவி என்றால் சிவப்பு. அப்பா, அம்மா என்றால் பொன்நிறம். உடன்பிறந்தவர் என்றால் ஆரஞ்சு. உறவினர், நண்பர் என்றால் ஊதா. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்; கழுத்தைப் பார்த்தால் போதும்.

அவள் இரண்டு அனுப்பியிருந்தாள். எனக்கு ஆரஞ்சு. இன்னொன்று வெள்ளை.

அம்மா வெள்ளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது யாருக்கு?"

"பிள்ளையை இழந்தவர்களுக்கு, அம்மா."

"வெள்ளையா? அங்கேயுமா?" என்றார்.

அப்பா இறந்தபோது வெள்ளைச் சேலை கட்டமாட்டேன் என்று ஊரோடு சண்டை போட்டவர் என் அம்மா. நான் அவசரமாக, அங்கே அதற்கு அந்த அர்த்தம் கிடையாது, சும்மா ஒரு நிறம்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. மணிகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார், ஜெபமாலை மாதிரி. பிளாஸ்டிக்தான். பூஜை அலமாரியில் வைக்கவில்லை, பெட்டியிலும் வைக்கவில்லை. சமையலறை ஜன்னல் கொக்கியில், கரித்துணிக்குப் பக்கத்தில் மாட்டினார்.

3 டிசம்பர் 2024

கெட்ட செய்தி. வலது குதிகால். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுவது போல வலி. பாதத்தின் அடித்தசை நார் வீக்கம் என்கிறார் மருத்துவர். வாரா வாரம் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மழைக்கு விட்ட நாட்களை ஈடுகட்டுகிறேன் என்று ஒரே வாரத்தில் 8-இலிருந்து 14-க்குத் தாவினேன். ஃபெங்கல் புயல் அன்று வீட்டுக்குள் கூடத்திலிருந்து சமையலறைக்கு 200 முறை நடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக் காலடியில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

21 நடக்காது. 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன். பணம் தந்தவர்களிடம் மன்னிப்பு.

5 ஜனவரி 2025

ஓடிவிட்டேன். 10 கிலோமீட்டர், 1 மணி 34 நிமிடம். ஓடினேன் என்பதில் பாதி நடை.

நேப்பியர் பாலத்தருகே இருட்டில் அத்தனை கூட்டம். அத்தனை பேர் முதுகிலும் ஏதோ ஓர் எழுத்து. அலுவலகப் பெயர், புற்றுநோய், மரம் நடுதல். என் முதுகை யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் பின்னால் வந்த ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து "தம்பிக்கு என்ன வயது அக்கா?" என்று கேட்டார். 31 என்றேன். இன்றைக்கு அவன் இருந்தால் 37 என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் கொஞ்ச தூரம் பேசாமல் கூடவே ஓடினார். பிறகு வேகமாகப் போய்விட்டார்.

ஏழாவதில் ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். விதையைத் துப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு முடித்தேன்.

எனக்குத் தெரிந்து வந்து சேர்ந்த மொத்தம் 83,718 ரூபாய். இலக்கு ஒரு லட்சம்.

12 ஜனவரி 2025

தாய்மாமா தொலைபேசியில்: "பாப்பா, 21-க்கு 2,100 கொடுத்தேன். நீ 10 ஓடியிருக்கிறாய். மீதி 1,100-க்கு என்ன கணக்கு?"

திருப்பித் தருகிறேன் மாமா என்றேன். "பணம் வேண்டாம். 11 கிலோமீட்டர் பாக்கி. எழுதி வைத்துக்கொள்" என்றார். எழுதி வைத்திருக்கிறேன், நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

9 மார்ச் 2025

இழை எங்கெங்கோ போய்விட்டது. குதிகாலுக்கு வேப்பெண்ணெயா விளக்கெண்ணெயா என்பதில் நான் தலையிடமாட்டேன்.

டெல்டா பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது மட்டும். "சென்னையில் போன் எடுத்தால் எங்கள் கிராமத்துக்கு என்ன வந்தது?" நியாயமான கேள்வி. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் சினேகாவினர் ஒரு சோதனை செய்தார்கள். 2013-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் வைக்க, குடும்பத்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி. தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்தை நடப்பதற்குள் மனம் ஒரு சுற்று இறங்கிவிடும் என்பதுதான் கணக்கு. இதைப் படித்தபோது எனக்கு ஓட்டம் ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை.

24 ஆகஸ்ட் 2025

ஏழாம் வருடத் திதி முடிந்தது. சமையலுக்கு வந்த அம்மாள், "பையனுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "தற்கொலை." த் எல்லாம் போடாமல், வெறுமனே. அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு "என் ஓரகத்தி மகனும்" என்றார். அதன்பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மறுநாளிலிருந்து அம்மா காலையில் பால் வாங்கப் போகும்போது நானும் போகிறேன். போக வர 600 மீட்டர். மாமாவிடம் சொன்னேன். "செல்லும்" என்றார்.

10 செப்டம்பர் 2025

இதுவரை 16 நடை. 9 கிலோமீட்டர் 600 மீட்டர். மாமா ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார், ஒரு நாள் மழையென்று விட்டதற்கு "பால் எப்படி வந்தது?" என்று குறுக்கு விசாரணை வேறு. சனிக்கிழமை அவரே ரயிலேறித் தாம்பரம் வருகிறாராம், கடைசி நடைக்கு. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். 1 கிலோமீட்டர் 400 மீட்டர் பாக்கி. 600, 600 போனால் 200 மீட்டர் தொங்குகிறது. அதற்கு டீக்கடைவரை போய்விட்டு வந்தால் சரியாக இருக்கும் என்கிறார் அம்மா.